பழகிய ஷெல்லை விடத் தயங்குவது சோம்பலா?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றின் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். பதினோரு ஆண்டுகளாக பாஷ் ஷெல்தான் (தட்டும் கட்டளைகளை வாங்கிக் கணினியை இயக்கும் நிரல்) பழக்கம். உடன் பணிபுரியும் இளைஞர்கள் ஃபிஷ் ஷெல்லுக்கு மாறச் சொல்கிறார்கள். இருமுறை நிறுவியும், ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பிவிட்டேன். இது சோம்பலா, வயதா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டும் இல்லை. புதிய ஷெல்லைக் கற்கச் சில நாட்கள் போதும்; அதைக் கற்ற பிறகும் பழையதைக் கைவிட முடியாது என்பதே சிக்கல். உங்கள் மடிக்கணினியில் எந்த ஷெல்லையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நீங்கள் நுழையும் லினக்ஸ் சர்வர்களில், 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதிய பாஷ்தான் பெரும்பாலும் இருக்கும். 2005-இல் வந்த ஃபிஷ்ஷோ போசிக்ஸ் என்ற பொதுத் தரத்தின் ஷெல் இலக்கணத்தைத் தெரிந்தே விட்டு விலகியது. முந்தைய கட்டளையின் நிலையை அறிய பாஷில் $? என்று தட்டிய விரல், ஃபிஷ்ஷில் $ஸ்டேட்டஸ் என்று தட்ட வேண்டும். 'டன்' என்று முடித்த சுழற்சியை 'எண்ட்' என்று முடிக்க வேண்டும். நாள் முழுவதும் இரு பக்கமும் மாறிமாறி வேலை செய்பவருக்குத் தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

நானும் இப்படி அகப்பட்டவன்தான். சர்வரிலிருந்து லாக் (பதிவு) கோப்புகளை எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு இறக்கும்போது, பெயரில் எந்த எழுத்துகளுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியை மேற்கோளின்றி இடுவது என் வழக்கம். பொருந்தும் கோப்பு நம் கணினியில் இல்லையென்றால் பாஷ் அக்குறியை அப்படியே அனுப்பிவிடும். சர்வரில் உள்ள பெயர்களுக்கு ஏற்ப அது விரிந்துகொள்ளும். ஃபிஷ்ஷும், இசட்-ஷெல் என்ற இன்னொரு ஷெல்லும் கட்டளையை ஓட்டாமலேயே பிழை என்று நின்றுவிடும். அவை செய்வதே முறை என்பேன். ஆயினும் அவசரமான ஓர் இரவில் அரை மணி நேரம் சர்வரைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

2019-இல் மேக் கணினிகளின் இயல்பு ஷெல்லை இசட்-ஷெல்லாக மாற்றிய ஆப்பிள்கூட, ஏற்கெனவே இருந்த பயனர் கணக்குகளில் பாஷை விட்டுவைத்து, டெர்மினலைத் திறக்கும்போது ஓர் அறிவிப்பை மட்டுமே காட்டியது.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புது நெல் ரகம் வந்தால், நம் பக்கத்து விவசாயி ஒரு வேலி நிலம் முழுவதிலும் அதை விதைத்துவிடுவதில்லை. அதில் இருபதில் ஒரு பங்கான ஒரு மா நிலத்தில் விட்டுப் பார்ப்பார். நீங்களும் சிஹெச்எஸ்ஹெச் கட்டளையால் உள்நுழைவு ஷெல்லையே மாற்றிவிடாமல், பாஷுக்குள்ளிருந்தே ஃபிஷ் என்று தட்டி நுழைந்து, வேண்டாதபோது எக்ஸிட் கொடுத்து வெளியேறுங்கள். தட்டும்போதே சாம்பல் நிறத்தில் முன்வரும் பழைய கட்டளைகள்தாம் உங்களைக் கவர்ந்தன என்றால், அவ்வசதியை ஒரு துணைநிரல் மூலம் இசட்-ஷெல்லிலும் பெறலாம். இசட்-ஷெல்லின் இலக்கணம் பாஷுக்கு நெருக்கமானது. உங்கள் பழைய ஸ்கிரிப்டுகளின் (கட்டளைகளைத் தொகுத்து எழுதிய கோப்புகளின்) முதல் வரி பாஷைச் சுட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; சுட்டினால், நீங்கள் எந்த ஷெல்லில் அமர்ந்து இயக்கினாலும் அவை பாஷிலேயே ஓடும்.