அடிவயிற்றிலிருந்து தொடங்குங்கள்

பழைய கார் கேள்வி பதில்

பனிக்காலம் நெருங்கினால் என் மேஜைக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கையெழுத்து வேறு, கார் வேறு, கவலை ஒன்று: பழைய காரைப் பனியிலிருந்தும் துருவிலிருந்தும் எப்படிக் காப்பது? அதனால் கியர்பெட்டி, கிளட்ச் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என் காருக்கு வயது பதினெட்டு. ஓட்டத்தில் குறையில்லை. பனி விழத் தொடங்குவதற்குள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கிறது. நன்றாகப் பாலிஷ் செய்து மெழுகு பூசிவிடலாம் என்று நினைக்கிறேன். எந்த மெழுகு நல்லது?

பதில்: ஒரு நாள்தான் என்றால் பாலிஷ் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பாய் ஒன்றை விரித்துக் காரின் அடியில் படுங்கள். பனி ஊர்களில் பழைய கார்கள் பெரும்பாலும் என்ஜின் செத்துப் போவதில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பு உளுத்துப் போகிறது. சாலையில் தூவும் உப்பு பனியைக் கரைத்து உப்புநீராக்குகிறது. சக்கரம் அதை வாரி அடிப்பது பானெட்டின் மேல் அல்ல, மட்கார்டின் உட்புறத்திலும் அடித்தகட்டிலும்தான். துருப்பிடிப்பது அடிப்படையில் ஒரு மின்வேதி வேலை. உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் அந்த வேலை பல மடங்கு விரைவாக நடக்கிறது. கடுங்குளிர் நாட்களில் சாதாரண உப்போடு கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் பயன்படுத்துவார்கள். இவை காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக் குடிப்பவை. சாலை காய்ந்திருக்கும், உங்கள் தகடு காய்ந்திருக்காது.

அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டு கொடுத்த பிறகே தலையை உள்ளே விடுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே காது போதும். நல்ல தகடு ‘டங் டங்’ என்று பேசும். உளுத்த இடம் வந்ததும் ‘தொப்’ என்று ஊமையாகிவிடும். அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள்.

அடுத்தது வடிகால் துளைகள். கதவின் கீழ் விளிம்பிலும் அந்தப் பெட்டித் தகட்டிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் துளைகள் இருக்கும். மழைநீர் வெளியேற உற்பத்தியாளரே வைத்தவை. பதினெட்டு வருட மண்ணில் அவை கண்டிப்பாக அடைபட்டிருக்கும். என் பழைய காரில் முதல் தடவை ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்தபோது, முதலில் கறுப்புச் சேறு புழுவைப் போல் நெளிந்து வந்தது. பிறகு ஒரு டம்ளர் அளவு தண்ணீர் ஒழுகி என் முழங்கை வழியாகச் சட்டைக்குள் போனது. அத்தனை நாளும் அந்தத் தண்ணீர் என் கதவுக்குள் குடியிருந்திருக்கிறது! முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். அங்கே மக்கிக் கிடக்கும் இலைகளைக் கையாலேயே அள்ளிப் போடுங்கள். கூரையில் திறப்புக் கண்ணாடி உள்ள காரானால் அதன் நான்கு மூலைகளிலும் வடிகுழாய் உண்டு. ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினால் கீழே சொட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பொழுது மிச்சமிருந்தால் கழுவித் துடைத்துவிட்டு மெழுகு. பனையிலையிலிருந்து எடுக்கும் கார்னுபா மெழுகு பார்க்க அழகு, ஆனால் உப்பிலும் அடிக்கடிக் கழுவலிலும் சில வாரங்களில் போய்விடும். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் சில மாதங்கள் தாங்கும். வெயில் படாத இடத்தில், குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நாளில் பூசுங்கள். அதற்குக் கீழே அது சரியாக ஒட்டாது.

கேள்வி: அண்ணா, பாலிஷ் போட்டுத் துடைத்தபோது வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. காரும் சிவப்பு. பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன். பெயின்ட் போய்விட்டதா?

பதில்: கொஞ்சம் போயிருக்கிறது, பயப்படும் அளவுக்கு அல்ல. இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு வார்னிஷ் படலம் இருக்கிறது. பாலிஷ் தேய்ப்பது அதைத்தான், துணியில் நிறம் வராது. உங்கள் கார் பழைய முறையில் ஒரே படலமாக அடிக்கப்பட்டது. நிறமும் பளபளப்பும் ஒன்றாகவே கலந்திருக்கும். வெயிலில் வெளுத்த மேல்தோல்தான் துணியில் வந்தது. அடியில் இருக்கும் சிவப்பு உங்களையே ஆச்சரியப்படுத்தும்.

ஆனால் வருடா வருடம் தேய்க்காதீர்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எல்லாப் படலங்களும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். தலைமுடியின் கனத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. மடிப்பு விளிம்புகளில் அது இன்னும் மெலிதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பை மெழுகு பூசுவதற்கு முந்தின கழுவலுக்கு மட்டும், பழைய மெழுகை எடுப்பதற்காக, பயன்படுத்தலாம். மற்ற நாட்களில் கார் ஷாம்பு. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, மற்றதில் அழுக்கை அலச வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் தேய்ப்பவர்கள் மணலால்தான் காரைத் தேய்க்கிறார்கள்.

கேள்வி: அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்துத் தருகிறோம், பிறகு துருவே வராது என்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: புத்தம் புதுத் தகட்டில் அடித்தால் சரி. பழைய காரில் வேண்டவே வேண்டாம். இதற்குக் கட்டணம் கட்டிப் பாடம் படித்தவன் நான். என் முதல் காருக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் அடித்தார்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், காய்ந்ததா என்று பார்க்காமல் அன்று மாலையே கறுப்பாகப் பூசி அனுப்பினார்கள். அடியில் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டேன். இரண்டு குளிர்காலம் கழித்து டயர் மாற்ற ஜாக்கை வைத்து ஏற்றினேன். கார் ஏறவில்லை. ஜாக்தான் தகட்டுக்குள் ஏறியது. கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே தகடு ரொட்டித் துகளாக உதிர்ந்தது. கெட்டிப் பூச்சில் மயிரிழை விரிசல் ஒன்று போதும். உப்புநீர் உள்ளே போய்விடும், வெளியே வர வழியிருக்காது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்பதுதான் அதில் மோசமானது.

பழைய தகட்டுக்கு ஏற்றவை காய்ந்து இறுகாத பூச்சுகள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் அடிப்படையிலானவை, எண்ணெய் அடிப்படையிலானவை, பெட்டித் தகடுகளின் உட்புறத்துக்கென்றே நீண்ட குழலோடு வரும் மெழுகு வகைகள். இவை இணைப்புகளுக்குள் ஊர்ந்து போகும். கையில் ஒட்டும், லனோலின் சில நாட்கள் ஆட்டுப்பட்டி வாசம் வீசும், ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டும். முதலில் நன்றாகக் கழுவி, ஓரிரு நாள் முழுதாகக் காயவிட்டு அடியுங்கள். பிரேக் தட்டு, பிரேக் பேட், சைலன்சர் குழாய் ஆகியவற்றில் பட்டுவிடக் கூடாது. அந்த இடங்களைப் பழைய துணியாலும் பிளாஸ்டிக்காலும் மூடிக்கொள்ளுங்கள். எண்ணெய் வகையைச் சக்கர இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களிலும் அடிக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

சாக்கட்டியால் வட்டம் போட்ட இடங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிட்டு உப்புத்தாளால் தேயுங்கள். (உப்பால் வந்த வினையை உப்புத்தாளால் தீர்ப்பது!) பளிச்சென்ற உலோகம் தெரிந்தால் நேராக எபாக்ஸி பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. குழிகளில் துரு தங்கியிருந்தால், துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் ரசாயனத்தைப் பூசிக் காயவிட்டு, அதற்குப் பிறகு பிரைமர். பிரைமரோடு நிறுத்திவிடாதீர்கள், பல பிரைமர்கள் ஈரத்தை உறிஞ்சும். மேலே பெயின்ட் வர வேண்டும். தட்டும்போதே ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டதென்றால் அது வெல்டிங் வேலை. அதன் மேல் எதைப் பூசினாலும் பிணத்துக்குப் பொட்டு வைப்பதுதான்.

கேள்வி: என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டில் தண்ணீர் கலக்காமல் முழுதாக ஊற்றினால் குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். சரிதானே?

பதில்: தவறு. கூலன்டின் பெரும்பகுதியான எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கிவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். இரண்டும் கலந்தால்தான் ஒன்றையொன்று உறையவிடாமல் தடுக்கும். கடையில் ஏற்கெனவே கலந்தும் விற்பார்கள், அதில் மறுபடி தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மைத்துனரிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்; குடும்பத்தில் வேறு காரியங்கள் இருக்கும்.

பேட்டரியையும் இப்போதே பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும், அதே நேரத்தில் என்ஜின் ஆயில் இறுகி ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் பலம் கேட்கும். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை, சமையல் சோடா கலந்த தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துவிடும்.

கேள்வி: தம்பி, எனக்கு எழுபது வயது. போன குளிரில் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றித் திறந்தேன். இந்த வருடமும் அதையே செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஊற்றிய வெந்நீர் கதவு இடுக்கில் இறங்கி மறுபடி உறையும். மறுநாள் காலையில் ஒட்டல் இரண்டு மடங்காகும். கண்ணாடியில் பட்டால் விரிசலே விடலாம். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கை இப்போதே ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கோன் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவிவிடுங்கள். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஒட்டாது. வாசலின் தடவலாம் என்று யாராவது சொல்வார்கள். அது பெட்ரோலியச் சரக்கு, நாளாவட்டத்தில் பீடிங் ஊதிச் சுருங்கும். சாவித் துளைக்குள் கிராஃபைட் தூள் கொஞ்சம். அப்படியும் ஒட்டிக்கொண்டால் கைப்பிடியை இழுக்காதீர்கள், பழைய கைப்பிடி கையோடு வந்துவிடும். உள்ளங்கையால் கதவை உட்பக்கமாக நாலு இடத்தில் அழுத்துங்கள். பனி நொறுங்கும் சத்தம் கேட்டதும் திறக்கலாம்.

கேள்வி: சூடேற்றிய கார் ஷெட் கட்டியிருக்கிறேன். இனி என் பழைய காருக்குக் கவலையில்லை அல்லவா?

பதில்: உங்களுக்குச் சுகம், காருக்கு அல்ல. உறைகுளிரில் துரு மெதுவாகத்தான் வளரும். உப்புப் பனி அப்பிய காரை இரவெல்லாம் கதகதப்பில் நிறுத்தினால் அது உருகி, இதமான சூட்டில் தகட்டைத் தின்னத் தொடங்கும். ஷெட்டுக்குள் விடுமுன் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அது முடியாத நாளில் வெளியிலேயே நிறுத்துவது மேல். மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும்.

கேள்வி: குளிர்காலம் முழுக்க ஓட்டாமல் நிறுத்தப்போகிறேன். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

பதில்: அதற்கு ஸ்டார்ட் செய்யாமலே இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் சைலன்சருக்குள் நீர் சேரும், அதை ஆவியாக்கும் அளவுக்குச் சூடு ஏறாது. ஸ்டார்ட் செய்ய எடுத்த சக்தியைக்கூடப் பேட்டரி திரும்பப் பெறாது. டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம் ஊற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பேட்டரிக்கு மெதுவாக ஏற்றும் சார்ஜர் ஒன்றை இணைத்துவிடுங்கள். சைலன்சர் வாயில் கம்பி வலைப் பந்து ஒன்றை அடைத்து வையுங்கள், எலிக்கும் குளிர்காலம்தான். வசந்தத்தில் சாவியைத் திருப்புமுன் அதை எடுக்க மறக்காமலிருக்க, ஸ்டீயரிங்கில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வையுங்கள். நான் ஒருமுறை ஒட்டவில்லை.