கல்யாண நெட்: கேட்டதும் சொன்னதும்

தங்கைக்கு ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். தலையில் போடும் நெட்டுக்கு மட்டும் ஆறாயிரம் கேட்கிறார்கள். வீட்டில் மிஷின் இருக்கிறது. நானே தைக்கலாமா அக்கா? எவ்வளவு துணி எடுக்க?
*- பாளையங்கோட்டை வாசகி*

தாராளமாகத் தைக்கலாம். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு வேலையே இல்லை. துணி வாங்குவதில்தான் கவனம் வேண்டும். வெறுமனே 'நெட்' என்று கேட்டால் பாவாடைக்கு உள்ளே வைக்கிற கேன்கேனை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது தலையில் கூடாரம் மாதிரி விறைத்து நிற்கும். 'சாஃப்ட் நெட்' என்று கேளுங்கள். பன்னா, அதாவது துணியின் அகலம், 58 அல்லது 60 இஞ்ச் இருக்கட்டும். 44 பன்னாவில் சுருக்கு நிறைந்து வராது. தங்கையை நிற்க வைத்துக் கொண்டையிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து, கூடக் கால் மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இழுபட வேண்டுமென்றால் இன்னும் ஒரு மீட்டர். கல்யாணச் சேலையைக் கையோடு கொண்டுபோய், கடை வாசலில் வெளிச்சத்தில் வைத்து நிறம் பாருங்கள். உள்ளே எரிகிற லைட்டில் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான்.

நெட் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கத் தேவையில்லை. மேல் ஓரத்தில் இரண்டு வரிசை கையால் நூலோட்டி, கொண்டையில் செருகுகிற சீப்பின் அகலத்துக்குச் சுருக்கி, பல்லுக்குப் பல் நூல் சுற்றித் தைத்துவிடுங்கள். லேஸ் வைப்பதானால் மிஷினில் 11-ம் நம்பர் ஊசி போடுங்கள். 16 போட்டால் நெட் ஓட்டைக்குள் இழுபடும். அடியில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். பேப்பர்தானே என்று தினசரியை வைத்துவிடாதீர்கள், மை அப்படியே ஏறிவிடும். துணி, லேஸ், சீப்பு எல்லாம் சேர்த்தாலும் அவர்கள் கேட்டதில் நாலில் ஒரு பங்கு ஆகாது. கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுவதாக இருந்தால் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். நைலான் பற்றினால் உருகித் தோலில் ஒட்டும்.

அயர்ன் பண்ணும்போது நெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்.
*- திசையன்விளை வாசகி*

அவர் ஏன் தர வேண்டும்? ஓட்டை மேல் ஒரு லேஸ் பூவை வெட்டி வைத்துத் தையுங்கள்.

ஐந்து மீட்டர் லேஸ் வாங்கினேன். வீட்டில் அளந்தால் நாலரைதான் இருக்கிறது. போய்க் கேட்டால், 'லேஸ் சுருங்கும்மா' என்கிறார் அண்ணாச்சி.
*- டவுன் வாசகி*

நனைக்காத லேஸ் எப்படிச் சுருங்கும்? அவர் இழுத்து அளந்திருக்கிறார். இதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். மீட்டர் கோலின் ஒரு நுனியில் கட்டைவிரலால் லேஸை அழுத்திக்கொள்வது, மறுகையால் வெடுக்கென்று இழுப்பது, இழுத்த வேகத்திலேயே கத்தரி போடுவது. மீட்டருக்கு நாலு விரல் அவர் பக்கம். சில இடத்தில் கோல்கூடக் கிடையாது, மேசை விளிம்பில் இரண்டு ஆணி அடித்திருப்பார்கள். என் வீட்டுச் சன்னலில் ஒரு திரை தொங்குகிறது, கீழே ஒரு சாண் வெளிச்சம் விட்டு. இப்படி இழுத்து அளந்து தந்த துணிதான். கழற்றிப் போட மனசில்லை.

அப்புறம் இந்தக் கெஜக் கணக்கு. பத்துக் கெஜம் என்று ரோலைக் கொடுப்பார்கள், பத்து மீட்டர் என்று நினைத்து வருவோம். பத்துக் கெஜம் 9.14 மீட்டர்தான். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விலை சொல்வதும் விற்பதும் மீட்டரில்தான் இருக்க வேண்டும், கோலில் அரசு முத்திரையும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. பில்லோடு அங்கே ஒரு மனு கொடுங்கள். அடுத்த தடவை கத்தரி விழுவதற்கு முன்பே, 'அண்ணாச்சி, தளர விட்டு அளங்க' என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள்.

நெட் தைத்துத் தருகிறேன் என்று மூவாயிரம் அட்வான்ஸ் வாங்கியவர், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி போனை அணைத்துவிட்டார். மைனியின் பழைய நெட்டைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பணத்தைக் கேட்டால், 'பில் இருக்கா?' என்கிறார்.
*- நாங்குநேரி வாசகி*

அன்றைக்குக் காலையில் உங்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று தெரிகிறது. சும்மா விடாதீர்கள். பில் தராததே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்; அது அவருடைய குற்றம், உங்களுடையது இல்லை. போனில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாம் சாட்சி. எதையும் அழிக்காதீர்கள். பதினைந்து நாளில் பணம் வர வேண்டும் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம், இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும். அட்வான்ஸோடு நிறுத்தாமல் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

'இடையன்குடி கை லேஸ்' என்று ஆன்லைனில் மீட்டர் தொள்ளாயிரத்துக்கு விற்கிறார்கள். அசல்தானா என்று எப்படிப் பார்க்க?
*- வள்ளியூர் வாசகர்*

பேருக்கு மதிப்பு உண்டு. நாகர்கோவிலில் லேஸ் கற்றுக்கொடுத்த மால்ட் அம்மாவின் மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தவர்; அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னப் பழக்கியவர் அவர்தான். அந்தப் பேரைப் போட்டு மிஷின் லேஸை விற்பது சுலபம். தலையணையில் குண்டூசி குத்தி, நூலை மாற்றி மாற்றிப் பின்னுவது கை லேஸ். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், பூவுக்குப் பூ மயிரிழை வித்தியாசம் தெரியும். பின்பக்கம் வெட்டிய நூல் நுனிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தால் மிஷின். ஒரு நூலைக் கொளுத்துங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருண்டு கெட்டியாகும். 'கையால் பின்னியது' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கிய நெட்டைக் கல்யாணத்துக்குப் போட்டேன். இப்போது பார்த்தால் படத்தில் இருந்ததைவிட முத்து குறைவு. திருப்பி அனுப்பலாமா?
*- அம்பாசமுத்திரம் வாசகி*

போடுவதற்கு முன்பு எண்ணியிருக்க வேண்டும்.

மூன்று மீட்டர் வெட்டி வாங்கி வந்த பிறகு பார்த்தால் சேலை கிரீம், நெட் பளீர் வெள்ளை. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.
*- கல்லிடைக்குறிச்சி வாசகி*

பொருளில் பழுது இருந்தால் அவர் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். பில்லில் கெடு போடவில்லையென்றால் சட்டம் முப்பது நாள் தருகிறது. இங்கே துணியில் என்ன பழுது? சேலையை வீட்டில் வைத்துவிட்டுப் போனது நீங்கள். ஒரு வழி இருக்கிறது. நைலான் நெட் என்றால் வடிகட்டிய டீ டிகாஷனை வெந்நீரில் கலந்து, முதலில் ஒரு துண்டை முக்கிப் பாருங்கள், கிரீம் பிடிக்கும். பாலியஸ்டரில் ஏறாது, அந்த டீயைக் குடித்துவிட்டு வேறு துணி எடுங்கள்.