மஞ்சள் சொட்டைக் கண்டு பயப்படாதீர்கள்

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை குடிநீர்க் கடிதங்கள். சுருக்கி வெளியிட்டிருக்கிறேன்.

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளர் எங்கள் குழாய்த் தண்ணீரில் ஏதோ ஒரு சொட்டு விட்டார், மஞ்சளாகிவிட்டது. பிறகு இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் பாய்ச்சினார். செம்பழுப்பு நிறத்தில் கசடு மிதந்தது. அவருடைய சுத்திகரிப்பு மெஷின் தண்ணீரில் எதுவும் ஆகவில்லை. பயந்துபோய் தவணையில் வாங்கிவிட்டேன். ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் கண்ணெதிரே நிறம் மாறினால் யாருக்குத்தான் பதறாது? இந்தப் பதற்றத்தைக் காசாக்குகிறவர்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு.

அந்தச் சொட்டு குளோரினைக் காட்டும் மருந்து. மஞ்சள் வந்தால் உங்கள் குழாய்வரை குளோரின் வந்து சேர்கிறது என்று பொருள். சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் கலங்கலை அடியில் தங்கவைத்து, மணல் படுகையில் வடிகட்டி, அதன் பிறகுதான் குளோரின் சேர்க்கிறார்கள். கலங்கலோடு சேர்த்தால் மண் துகளுக்குள் ஒளிந்த கிருமி தப்பிவிடும், குளோரினும் வீணாகும். சேர்த்தவுடன் குழாயில் விடுவதும் இல்லை. குறைந்தது அரை மணி நேரம் தேக்கி வைத்த பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதமிருக்க வேண்டும், வீட்டுக் குழாயில் 0.2க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உடல்நலத்துக்கான உச்ச அளவாக அது சொல்வது 5 மில்லிகிராம்.

அந்த மீதம் எதற்கு? பூமிக்கடியில் குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கும். அழுத்தம் இறங்கும் நேரத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே கசியும். அங்கே காவலுக்கு இருப்பது அந்த மீதக் குளோரின் மட்டும்தான். அமெரிக்காவின் ஜெர்சி நகரம் 1908இல் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியது. மற்ற நகரங்களும் அதே வழிக்கு வர, டைபாய்டு சாவுகள் சரிந்தன. அந்தக் காவலைத்தான் உங்களிடம் விஷம் என்று காட்டியிருக்கிறார்.

கம்பி வித்தை அதைவிட மோசம். மிதந்த கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு அது. மெஷின் தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறவில்லை. அதிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அவரையே திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதே கசடு வரும்.

ஒப்பந்தத்தில் ரத்து செய்ய அவகாசம் தந்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். நடந்ததை அப்படியே எழுதி, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், போனில் பேசி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். எண் குறைவாகக் காட்டுகிறது. கிருமி இல்லை என்று நம்பலாமா?

பதில்: நம்பக் கூடாது. அது காட்டுவது கரைந்த உப்பின் அளவு. கிருமியை அது அறியாது.

கேள்வி: மூன்று வருடமாக யு.வி. (புற ஊதா) மெஷின் வைத்திருக்கிறோம். விளக்கு இன்னும் நீலமாக எரிகிறது. மாற்ற வந்த சர்வீஸ் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை. கூடவே வந்த கையேட்டை ஒருமுறையாவது புரட்டியிருக்கலாம். கிருமியை முடக்கும் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நீலம் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் வலு வடிந்துவிடும். பெரும்பாலான விளக்குகளை ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். நான் முன்பு வாங்கிய ஒரு மெஷினின் விளம்பரத்தில் 'தானியங்கிப் பாதுகாப்பு' என்று இருந்தது. திறந்து பார்த்தால் ஒளி குறைந்ததைச் சொல்லும் சென்சாரே இல்லை. விளக்கைச் சுற்றியிருந்த குவார்ட்ஸ் குழாய்மேல் வெள்ளையாக உப்புப் படிந்து, நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாங்கும்போது அந்த சென்சார் இருக்கிறதா, குழாயைக் கழற்றித் துடைக்க முடியுமா என்று கேளுங்கள். புற ஊதாக் கதிர் குளோரின்போல் தண்ணீரில் மீதம் நிற்காது. மெஷினைத் தாண்டிய தண்ணீரை அழுக்குப் பானையில் பிடித்தால் செலவு வீண்.

கேள்வி: குளோரின் வாடை தாங்கவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் நுழையும் இடத்திலேயே கார்பன் ஃபில்டர் போடச் சொல்கிறார்கள்.

பதில்: அங்கே வேண்டாம். அதற்குப் பிறகு வரும் தொட்டியும் குழாய்களும் காவலின்றிக் கிடக்கும். குடிக்கப் பிடிக்கும் குழாயில் மட்டும் போடுங்கள்; சொன்ன காலத்தில் உள்ளே இருப்பதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே கிருமி பெருகும். வாடை மட்டும்தான் குறை என்றால் சுத்தமான பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தாலே அடங்கும். உங்கள் நிலையம் அம்மோனியாவும் சேர்த்து குளோரமைனாக அனுப்பினால் அது எளிதில் போகாது, அப்போது கார்பன் தேவைப்படலாம்.

கேள்வி: குளோரினால் புற்றுநோய் வரும் என்கிறார்கள். இல்லாமலே குடிப்பது நல்லதல்லவா?

பதில்: இந்தப் பயத்துக்குக் காரணம் துணைப்பொருட்கள். தண்ணீரில் இருக்கும் மக்கிய இலைதழைச் சத்தோடு குளோரின் சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன் என்பவை உண்டாவது 1974இல் தெரியவந்தது. அவற்றைக் குறைக்க, குளோரினுக்கு முன்பே அந்தச் சத்தை நிலையம் நீக்க வேண்டும். அதற்காகக் கிருமிநீக்கத்தில் கைவைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குளோரினுக்கு அடங்காத கிருமியும் உண்டு: அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் வடிகட்டல் சறுக்கியதால் கிரிப்டோஸ்போரிடியம் புகுந்து, சுமார் 4 லட்சம் பேர் நோயில் விழுந்தார்கள். கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள்.

கேள்வி: குடியிருப்புத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் பழைய ஸ்டாக்கில் மூட்டையாகக் கிடைத்தது, பாதி விலை. எவ்வளவு போட்டாலும் சோதனையில் குளோரின் தெரியவில்லை.

பதில்: தெரியாது. மூட்டை ஈரம் பட்டுக் கிடந்த நாளெல்லாம் குளோரின் பறந்துபோயிருக்கும். நீங்கள் தொட்டியில் கொட்டுவது பெரும்பாலும் சுண்ணாம்பு. அத்தனை குடும்பங்கள் குடிக்கிற தண்ணீருக்குத் தயாரிப்புத் தேதிகூடப் பார்க்காமல் எப்படி வாங்கினீர்கள்? மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். தேதி பார்த்து, சிறிய பொட்டலமாக, குடிநீருக்கானது என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். அதுவரை எல்லாரையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காலாவதியான குளோரின் மாத்திரையை இரண்டாகப் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. புதிது வாங்குங்கள்.