இருபது ஊழியர்கள் என்றால் இரவில் எத்தனை பேர்?

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது, துணையில்லாமல் நடக்க முடியாது. நாங்கள் பார்த்துவைத்திருக்கும் முதியோர் இல்லத்தில் 40 பேர் தங்கியிருக்கிறார்கள். 20 ஊழியர்கள் என்று சொன்னார்கள். இரண்டு பேருக்கு ஒருவர் என்பது நல்ல கணக்குத்தானே, சேர்க்கலாமா?

பதில்: 40-ஐ 20-ஆல் வகுத்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அந்த 20-இல் அலுவலகம், சமையல், துப்புரவு, காவல், வண்டி ஓட்டுவது என்று ஆறு பேரைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 14. ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றால் ஒரு நாளைக்கு வேலைக்கு வருவது 12 பேர். மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது, ஷிஃப்டுக்கு நான்கு பேர். ஆக, பத்துப் பேருக்கு ஒருவர். அதிலும் ஒருவர் லீவு போட்டால் மூன்று பேர்தான் 40 பேரையும் பார்க்கவேண்டும். இரவில் பல இடங்களில் இன்னும் குறைத்துவிடுவார்கள்.

அந்த இரவைத்தான் நீங்கள் நன்றாக விசாரிக்கவேண்டும். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுவது படுக்கைப்புண் வராமலிருக்க நெடுநாளாக இருக்கும் வழக்கம். 40 பேரில் பத்துப் பேர் அப்படிப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி, டயப்பர் மாற்றி, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். தூக்கித் திருப்ப இரண்டு பேர் சேரவேண்டியிருக்கும். இரவு டியூட்டியில் இருப்பதே இரண்டு பேர்தான் என்றால் ஒரு சுற்று முடிய 100 நிமிடம். மற்ற 30 பேருக்கும் சேர்த்து மிஞ்சுவது 20 நிமிடம். உங்கள் அப்பா பாத்ரூம் போக மணி அடிக்கிறார், யாரும் வரவில்லை, எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு இருப்பார்? தானே எழுந்திருக்கப் பார்ப்பார். பாதி ராத்திரியில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். அந்த இரண்டு பேரும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

அதனால் "மொத்தம் எத்தனை ஊழியர்கள்" என்று கேட்காமல், "நேற்று இரவு டியூட்டியில் யார் யார், அதில் பயிற்சி பெற்ற நர்ஸ் எத்தனை பேர், போன ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர்" என்று கேளுங்கள். டியூட்டி பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் அதை எடுத்துக் காட்டத் தயங்கமாட்டார்கள்.

என் பெரியம்மாவுக்கு இடம் தேடியபோது ஓர் இல்லத்துக்கு ஞாயிறு மாலை போனேன். மேலாளர் புதிதாகப் போட்ட உடற்பயிற்சிக் கருவிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், 17 நிமிடம். கடைசியில் முன்கை வரை ஈரத்தோடு ஒரு பெண் ஓடிவந்தார். "மன்னிச்சுக்கோங்க பாட்டி, மேல ஒருத்தரைக் குளிப்பாட்டிட்டு இருந்தேன், பாதியில விட முடியல" என்றார். இரண்டு மாடிக்கும் அன்று அவர் ஒருவர்தான். கருவிகள் எல்லாம் நல்ல கருவிகள்தான், ஆனால் பெரியம்மாவை நாங்கள் அங்கே சேர்க்கவில்லை.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கவேண்டும்?

பதில்: கட்டணம், டெபாசிட் திரும்பக் கிடைக்கும் விதம், விலகுவதற்கான முன்னறிவிப்பு, இதையெல்லாம் நீங்களே பார்த்துவிடுவீர்கள். "24 மணி நேரக் கவனிப்பு" என்ற வரியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நர்ஸ் இரவு முழுக்க அங்கேயே இருப்பாரா, இல்லை போன் செய்தால் வருவாரா என்பது அதில் இருக்காது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஷிஃப்ட்வாரியாகக் குறைந்தபட்சம் எத்தனை பேர், அதில் எத்தனை நர்ஸ், எண்ணிக்கையைக் குறைத்தால் எழுத்தில் தெரிவிப்பார்களா என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாயால் சொல்கிறவர்கள் எழுதித்தர மறுத்தால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: அம்மாவைச் சேர்த்து ஒரு வருடம் ஆகிறது. போகும்போதெல்லாம் புதுமுகம். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டாத மேசையில் இருக்கிறது. புகார் சொன்னால் அந்தக் கோபத்தை அம்மாவிடம் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. இருந்தாலும் அந்த டம்ளரைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. உடம்பில் நீர் குறைந்தால் குழப்பம், தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பழகியவருக்கு அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எந்தக் கையால் டம்ளரைப் பிடிப்பார் என்பது தெரிந்திருக்கும், இன்றைக்கு வந்தவருக்குத் தெரியாது. ஆட்கள் நிலைக்காததும் ஆள்பற்றாக்குறைதான்.

போகும் நாள், நேரம், பார்த்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், போட்டோவும் எடுத்துவையுங்கள். பராமரிப்பாளரைக் குறைசொல்லாமல் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், அம்மாவுக்கென்று ஒரே ஆளை நியமிக்க முடியுமா? அங்கே பெற்றோரைச் சேர்த்திருக்கும் மற்றவர்களோடும் பேசுங்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் உங்கள் அம்மா மட்டும் தனியாகத் தெரியமாட்டார். பதில் வராவிட்டால் இல்லத்துக்கு உரிமம் தந்த அமைப்புக்கு அதே குறிப்புகளோடு எழுதுங்கள். உடம்பில் புண்ணோ காயமோ கண்டால் காத்திருக்கவேண்டாம், அன்றே டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: குறைந்தபட்சம் இத்தனை ஊழியர் வேண்டும் என்று சட்டம் போட்டால் கட்டணம் ஏறிவிடாதா?

பதில்: செலவு ஏறும், மறைப்பதற்கில்லை. இல்லத்தின் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். ஆனால் சட்டம் இல்லாவிட்டால் அந்தச் செலவை உங்கள் அம்மா தன் உடம்பால் கொடுக்கிறார்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷன் 2019-இல் தந்த இடைக்கால அறிக்கைக்கு வைத்த தலைப்பே 'புறக்கணிப்பு'. அதன் இறுதி அறிக்கை 2021-இல் வந்தது. அதன் பிறகு 2023 ஜூலையிலிருந்து இல்லங்களில் 24 மணி நேரமும் பதிவுபெற்ற நர்ஸ் இருக்கவேண்டும் என்றார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 200 நிமிடப் பராமரிப்பு என்று அதே ஆண்டு அக்டோபரில் விதி வந்தது. 2024 அக்டோபரில் அது 215 ஆனது, அதில் 44 நிமிடம் நர்ஸுடையது. முதல் கேள்வியில் பார்த்த இல்லத்தில் 12 பேர் எட்டு மணி நேரம் வேலை செய்தால் ஒருவருக்குக் கிடைப்பது 144 நிமிடம். எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே 2023-இல் நேரடிப் பராமரிப்பு ஊழியர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை 15 சதவீதம் உயர்த்தினார்கள். அதை நான் முக்கியமாகச் சொல்வேன். சம்பளத்தைத் தொடாமல் எண்ணிக்கையை மட்டும் விதித்தால் ஆள் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் 2024-இல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரம் என்று விதி போட்டார்கள். ஆள் கிடைக்காது, கட்டுப்படியாகாது என்று இல்லங்கள் வழக்குத் தொடர்ந்தன, 2025-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அங்கே இன்னொரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஊழியர்களின் வேலை நேரத்தைச் சம்பளக் கணக்கின் அடிப்படையில் இல்லங்கள் அரசுக்குத் தரவேண்டும், அது பொதுமக்கள் பார்வைக்கும் வருகிறது. வார இறுதியில் எத்தனை பேர், வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்பதையும் தர மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறார்கள். சோதனைக்கு வரும் நாளில் எல்லா ஊழியர்களையும் வரவழைத்து நிறுத்திவிடலாம், சம்பளக் கணக்கில் அப்படிச் செய்ய முடியாது. "போதுமான ஊழியர்கள்" என்று மட்டும் எழுதிவைக்கும் சட்டங்களைவிட இது எவ்வளவோ மேல். சட்டம் கேட்டுப் போராடுகிறவர்கள் எண்ணிக்கையோடு இதையும் கேட்கவேண்டும்.

கேள்வி: அறையில் கேமரா வைத்தால் போதாதா?

பதில்: போதாது. அம்மா விழுந்ததை கேமரா காட்டும், தூக்கிவிட ஆள்தான் வரவேண்டும். வைப்பதாக இருந்தாலும் அம்மாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். உடை மாற்றுவதும் குளிப்பதும் அவருடைய அந்தரங்கம்.