மணி பிளாண்ட்டின் மஞ்சள் எங்கே போயிற்று?

கேள்வி: கூடத்து அலமாரி மேலிருந்து தொங்கும் மணி பிளாண்ட்டுக்கு வாரந்தோறும் உரம் போடுகிறேன். ஆனாலும் மஞ்சள் தீற்றல் மறைந்து, வெறும் பச்சை இலைகளே வருகின்றன. உரத்தைக் கூட்டலாமா? – வாசகி, திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. முதலில் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது தேங்கிய உர உப்பு. என் கொடிக்கும் இப்படி ஆனது. இலை நுனிகள் கருகி, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கின. அடித்துளையில் வழிந்தோடும்வரை தண்ணீர் ஊற்றி மண்ணை அலசினேன். ஒரு மாதம் உரமே இல்லை. பிறகு 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கரைத்து, ஈர மண்ணில், மாதம் ஒருமுறை மட்டும்.

மஞ்சளைக் காப்பது வெளிச்சம். கிழக்கு ஜன்னலோரம் மாற்றுங்கள். பச்சையாகிவிட்ட கொடியை, மஞ்சள் தீற்றல் உள்ள கணு வரை வெட்டிவிடுங்கள். புதுத் துளிர் அங்கிருந்து வரும்.