இறைச்சி மாடுகளில் எலும்பு, தசை, கொழுப்பு வளரும் விதம்: கேள்வி பதில்

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவி): ஐயா, எலும்பு, தசை, கொழுப்பு மூன்றும் கூடவே வளரும்போது, அவற்றுக்கு ஏன் வரிசை சொல்கிறார்கள்?

பதில்: மூன்றும் கூடவேதான் வளர்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் வேகம் பிடிக்கும் பருவம் வேறு. பிறந்து ஒரு நாளான கன்றின் அருகில் நின்று பாருங்கள்: தலை பெரிதாகவும் கால்கள் நெடிதாகவும் இருக்க, முதுகும் தொடையும் ஒடுங்கியிருக்கும். தாயின் பின்னால் ஓட வேண்டிய உயிருக்குக் கால்தான் முதல் தேவை. நரம்பு, எலும்பு, தசை, கொழுப்பு என்னும் இந்த வரிசையைக் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஜான் ஹேமண்ட் விளக்கினார். தீவனம் குறையும்போது, வரிசையின் கடைசியில் நிற்கும் கொழுப்புக்குத்தான் முதலில் பங்கு குறைகிறது.

கேள்வி (பண்ணையாளர்): வயது ஏற ஏற, ஒரு கிலோ எடை கூட்டவே தீவனம் அதிகம் செலவாகிறதே?

பதில்: தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்புத் திசுவில் தண்ணீர் மிகக் குறைவு என்பதோடு, ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரிக்கு மேல் அடங்கியிருக்கிறது. ஆகவே தசை வளர்ச்சி தணிந்து கொழுப்பு சேரத் தொடங்கியதும் செலவு ஏறுகிறது. பெருமாட்டினமான சரோலேயைவிட ஆங்கஸ் இன மாட்டுக்கு இந்தக் கட்டம் முன்னதாகவே வந்துவிடும். காளையைவிடக் காயடித்த மாட்டுக்கும், அதைவிடக் கிடாரிக்கும் முன்னதாக வரும். கொழுப்பு பொதுவாக முதலில் சிறுநீரகத்தைச் சுற்றியும், பிறகு தசைகளுக்கு நடுவிலும், அதன் பின் தோலடியிலும் சேர்கிறது; ஜப்பானிய மாட்டினமான வாக்யூவின் இறைச்சியில் நாம் காணும் தசைக்குள்ளான வெண்கோடுகள் கடைசியில்தான் நிறைகின்றன. எடைமேடை இவற்றில் எதையும் காட்டாது என்பதால், விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு நுனிகள் கூராகத் தட்டுப்பட்டால் கொழுப்பு இன்னும் மூடவில்லை. அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் நன்றாக மூடிவிட்டது, அதற்கு மேல் தீவனம் கொட்டுவது வீண்.

கேள்வி: பெல்ஜியன் ப்ளூ மாட்டுக்கு மட்டும் அத்தனை தசை எப்படி?

பதில்: தசை இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கருவிலேயே முடிவாகிவிடுகிறது, பிறந்தபின் இழைகள் தடிக்கின்றன, நீள்கின்றன. தசை வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும் புரதம் மயோஸ்டாட்டின். பெல்ஜியன் ப்ளூவில் அதன் மரபணுவில் 11 டி.என்.ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதை 1997இல் கண்டறிந்தார்கள். கடிவாளம் இல்லாததால் இழைகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. ஆனால் தூய இனப் பசுக்களில் பெரும்பாலானவை சிசேரியனால்தான் கன்று ஈனுகின்றன. ஒவ்வோர் ஈற்றிலும் வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுக்க வேண்டிய இனப்பெருக்கத்தை என்னால் ஆதரிக்க முடியாது.

கேள்வி (வடக்கு ஆஸ்திரேலியப் பண்ணை ஊழியர்): வறண்ட பருவத்தில் மெலிந்த மாடுகள் மழைக்குப் பின் வேகமாகத் தேறுகின்றன. இழப்பு முழுவதும் ஈடாகிவிடுமா?

பதில்: பால் மறந்த பின் ஏற்பட்ட மிதமான பட்டினி என்றால் பெருமளவு ஈடாகும். சினைப்பசுவின் நடுமாதங்களில் பட்டினி கடுமையாக இருந்திருந்தால், கன்றில் குறைந்துபோன தசை இழைகளைப் பின்னால் எந்தத் தீவனமும் கொண்டுவராது. இன்னொன்று: மழைக்குப் பின் முதல் வாரங்களில் ஏறும் எடையில் ஒரு பகுதி, இரைப்பையில் நிறைந்த பசும்புல்லும் மீண்டும் பருக்கும் குடலும் ஈரலும்தான். அந்த எடையை இறைச்சியாகக் கணக்கிட்டு மாட்டை அவசரமாக விற்றுவிடாதீர்கள்.