முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், தங்கச்சி

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய மாட்டுக்கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது. 10க்கு 12 அடி. அதைச் சரிசெய்து, வாரம் 15, 20 கிலோ ஆட்டுக்கறி எடுத்துத் துண்டு போட்டு, மசாலா தடவியும் உப்புக்கண்டமாகவும் விற்க ஆசை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. முதலில் ஃப்ரீசர் வாங்கவா, கறி வெட்டும் மெஷின் வாங்கவா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டையும் தள்ளி வையுங்கள். கையில் இருக்கிற பணத்தில் பாதியாவது தரைக்கும் தண்ணீர் போகிற வழிக்கும் போகட்டும். கறி அறையை நடத்துவது கத்தி இல்லை, தண்ணீர்தான். அரை மணி நேரம் வெட்டினால் முக்கால் மணி நேரம் கழுவ வேண்டும். கழுவின தண்ணீர் நிற்காமல் வெளியே போனால்தான் அது கறி அறை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் அறையில் தரையை ஒரே மட்டமாகப் போட்டுவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கழுவின தண்ணீரெல்லாம் மேசைக் காலடியில் போய்த் தேங்கியது. துடைப்பத்தால் எவ்வளவு தள்ளினாலும் டைல் இடுக்கில் கொஞ்சம் தங்கிவிடும். மூன்றாவது வாரம் காலையில் கதவைத் திறந்தால் நாற்றம் முகத்தில் அடித்தது. பெயர்த்துப் பார்த்தால் டைலுக்கு அடியில் ரத்தத்தண்ணீர் இறங்கிக் கறுத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டினேன். அந்த இரட்டைச் செலவு உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

உங்களுடையது மாட்டுக்கொட்டகை என்பதால் இன்னும் ஒரு வேலை கூடுதல். கோமியம் ஊறின பழைய தரையை அப்படியே வைத்து மேலே டைல் ஒட்ட வேண்டாம். முழுதாகக் கொத்தி எடுத்து, புதுக் கான்கிரீட் போடுங்கள். பக்கத்தில் இன்னும் மாடு கட்டுகிறீர்களா? அப்படியானால் இந்த இடமே வேண்டாம். சாணத்து ஈ கதவைத் திறக்கிற நேரம் பார்த்துக் காத்திருக்கும்.

தரைச் சரிவு அடிக்குக் கால் அங்குலம். 12 அடி நீளத்துக்கு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 3 அங்குலம் இறக்கம் வரும். டைல் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை மேட்டுப் பக்கம் ஊற்றி, நீங்களே குனிந்து பாருங்கள். எங்காவது குளம் கட்டினால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேருகிற மூலையைச் செங்கோணமாக விடாதீர்கள். பாட்டிலை வைத்து உருட்டி வளைவாகப் பூசித் தரும்படி கேளுங்கள். அந்த மூலையில்தான் கொழுப்பு ஒட்டும், பிரஷ் போகாது. சுவருக்கு 6 அடி உயரம் வெள்ளை டைல், இடுக்குக்குத் தண்ணீர் உறிஞ்சாத எபாக்ஸிப் பூச்சு. வெள்ளை சிமென்ட் கொழுப்பையும் அழுக்குத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். வெள்ளை டைலில் அழுக்கு பளிச்சென்று தெரிகிறதே என்று யாராவது சொன்னால், தெரியட்டும் என்றுதான் போடுகிறோம்.

வெளியேறுகிற தண்ணீர் நேராக சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ போகக் கூடாது. இடையில் மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று கட்டுங்கள். கொழுப்பு மேலே மிதந்து தங்கிவிடும், வாரம் ஒருமுறை வழித்து எடுத்துவிடலாம். குழாய் முனைக்கு எலி வராத கம்பி வலை போடுங்கள்.

கழுவுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. ரத்தம் பட்ட மேசையில் முதலில் வெந்நீர் ஊற்றாதீர்கள், முட்டை வெந்த மாதிரி ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து அலசுவது. கடைசியாகத்தான் ப்ளீச்சிங் தண்ணீர். 5 சதவீத திரவ ப்ளீச் என்றால் லிட்டருக்கு 4 மில்லி போதும். அழுக்கு இருக்கும்போதே ப்ளீச் ஊற்றினால் அது அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். கழிப்பறை ஆசிட்டோடு ப்ளீச்சை ஒருபோதும் கலக்காதீர்கள், வருகிற புகை உயிருக்கே ஆபத்து.

மேசை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும், எஸ்.எஸ். 304 ரகம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 202 ரகம் மலிவு. ஆனால் நம் வேலையில் எப்போதும் உப்பும் ஈரமும், அதனால் சீக்கிரம் துரு பிடிக்கும். சுவிட்சுகள் நெஞ்சுயரத்துக்கு மேலே, மூடியோடு இருக்கட்டும். மெயின் பெட்டியில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கண்டிப்பாக வேண்டும், ஈரத்தரையில் நின்று வேலை செய்கிறோம்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஃப்ரிட்ஜ். 4 டிகிரிக்குக் கீழே நிற்கிறதா என்று உள்ளே ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டுப் பாருங்கள், கதவில் தெரிகிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சூடு ஆறாத கறியை டப்பாவில் அமுக்கி உள்ளே வைத்தால், வெளிப்பக்கம் சில்லென்று இருக்கும், நடுவில் கை விட்டால் வெதுவெதுப்பு அப்படியே இருக்கும். கிருமி பெருக அந்த நடுப்பகுதி போதும். தட்டில் ஒரு வரிசையாகப் பரப்பி வையுங்கள். அறுத்த சூட்டோடு நேராக ஃப்ரீசரில் தள்ளினாலும் கறி இறுகிப்போகும், எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்தான்.

மெஷின் இப்போது வேண்டாம். வாரம் 20 கிலோவுக்கு நல்ல கத்தி இரண்டும் சாணைக்கல்லும் போதும்.

கேள்வி: ஆட்டை வீட்டிலேயே அறுத்துக்கொள்ளலாமா? எங்கள் பக்கம் கிடா வெட்டும்போது எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?
- அதே வாசகி

பதில்: சாமிக்கு வெட்டிச் சொந்தத்துக்குப் பரிமாறுவது வேறு, விற்பது வேறு. நகராட்சி எல்லைக்குள் அங்கீகரித்த வதைக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அங்கே கால்நடை டாக்டர் பார்த்து முத்திரை குத்தின கறியை வாங்குங்கள். ஆட்டின் ஈரலில் புழுக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தெரியும். அதோடு உணவுப் பாதுகாப்புப் பதிவையும் முதல் பாக்கெட் விற்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அதற்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸில் (FoSCoS) விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் வரும். அதையும், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட்ட அசைவக் குறியையும் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும்.

கேள்வி: கறி வெட்டப் புளியமரக் கட்டை வைக்கலாமா, பிளாஸ்டிக் பலகைதானா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: புளியங்கட்டை வைக்கலாம். சிம்பு தெறிக்காத உறுதியான மரம் என்றால் உணவுப் பாதுகாப்பு விதியே அனுமதிக்கிறது. ஆனால் தினமும் வேலை முடிந்ததும் சுரண்டி, கல்லுப்பைத் தேய்த்து, காற்றாட நிறுத்தி வைக்கிற பொறுமை உங்களுக்கு வேண்டும். வெடிப்பு விட்ட கட்டையை அன்றைக்கே மாற்றுங்கள். எலும்பு வெட்டக் கட்டை, எலும்பில்லாத தனிக்கறி துண்டு போடப் பலகை என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் உப்புக்கண்டம் போட்டால் பூஞ்சை பிடிக்கிறதே?
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: வெயில் இல்லாத மாதத்தில் கொடியில் கட்டவே கட்டாதீர்கள். நான் ஒரு கார்த்திகையில் 6 கிலோ கறியைக் கோணூசியால் கோத்துக் கட்டி, நாலாம் நாள் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தேன். வெளியே காய்ந்த மாதிரி இருந்தது, பிய்த்தால் உள்ளே பிசுபிசுப்பு. மழைக்காலத்தில் மின்சார உலர்த்தி வேண்டும். அதிலும் பச்சைக் கறியை நேராக வைக்காமல், உப்பும் மஞ்சளும் தடவி ஆவியில் ஒரு வேக்காடு வைத்து, கறியின் உள்ளே 71 டிகிரி தொட்ட பிறகு உலர்த்துங்கள். ருசி கொஞ்சம் மாறும், மறுக்கவில்லை. ஆனால் விற்கிற பண்டத்துக்கு அந்தப் பத்திரம் வேண்டும்.

காய்ந்ததா என்று கையால் பார்ப்பதைவிடத் தராசில் பாருங்கள். ஒரு கிலோ தனிக்கறி போட்டால் 350 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 500இல் நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்ப உள்ளே வையுங்கள்.